சாக்கைப் பிடிக்க ஆள் வேண்டாம்: சருகையும் தோட்டக் குப்பையையும் மூட்டை கட்டும் கருவிகள், முழுமையான வழிகாட்டி

மாசி பிறந்ததும் எங்கள் வாசலில் வேம்பு கொட்டத் தொடங்கிவிடும். காலையில் பெருக்கினால் மத்தியானத்துக்குள் மறுபடியும் மஞ்சள் விரித்திருக்கும். பங்குனியில் கொழுந்தும் பூவும் வரும்வரை இப்படித்தான். அதற்கு முன்பே வாதாம் மரம் சிவந்து, உள்ளங்கையைவிடப் பெரிய இலைகளைப் போட்டு முடித்திருக்கும். வாதாம் வருடத்துக்கு இரண்டு தடவை உதிர்க்கிற மரம். ஆடிக் காற்றில் மாங்குச்சிகள் விழும். தென்னை மட்டைக்குக் காலமே கிடையாது.

மதுரைக்கு வெளியே எட்டு சென்ட் மனையில் இருக்கிறது எங்கள் வீடு. பெருக்குவது அம்மா. விடிவதற்குள் எல்லாவற்றையும் கூட்டி மூன்று நான்கு குவியல் போட்டுவிடுவார். அப்புறம்தான் குரல் வரும்: “ஏப்பா, வந்து சாக்கைக் கொஞ்சம் பிடி.” நான் ஊரில் இல்லாத நாட்களில் ஒரு கையால் சாக்கின் வாயை விரித்து, மறு கையால் குனிந்து அள்ளிப் போடுவார். பாதி வெளியே சிந்தும். ஒரு வருடம் பங்குனியில் இடுப்புப் பிடித்துக்கொண்டு பத்து நாள் படுத்துவிட்டார். அந்தப் பத்து நாளில்தான் இந்த வேலையை உட்கார்ந்து யோசித்தேன்.

சருகு வேலையில் கூட்டுவது கால்வாசிதான். இடுப்பையும் நேரத்தையும் தின்பது அள்ளுவதும், தொய்ந்து விழுகிற சாக்கின் வாயைத் திறந்து பிடிப்பதும். சாக்கைப் பிடிக்கிற இரண்டாவது ஆளுடைய வேலையை எந்தப் பொருள் செய்கிறதோ அதுதான் வாங்கத் தகுந்த கருவி, அல்லது வீட்டிலேயே செய்துகொள்ளத் தகுந்த கருவி. அந்த ஒரு கணக்கை வைத்துத்தான் கீழே உள்ள எல்லாவற்றையும் சொல்கிறேன்.

முதல் படி: எல்லாவற்றையும் சாக்கில் போடாதீர்கள்

கருவி வாங்கும் முன் குப்பையைப் பிரித்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் உதிர்வதில் பாதிக்கு மேல் சாக்கே பார்ப்பதில்லை.

வேப்பிலை, முருங்கை இலை, புளிய இலை போன்ற சின்ன இலைகளை மரத்தடியிலும் வாழைத் தூரிலும் மூடாக்காகப் போட்டுவிடலாம். நான்கு விரல் கனம் போதும். வெயிலில் மண் காயாது, களையும் குறையும். மரத்தண்டை ஒட்டிக் குவிக்காமல் ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். தண்டோடு ஒட்டிக் கிடந்தால் ஈரம் தேங்கிப் பட்டை அழுகும், கரையானும் ஏறும்.

மூட்டை கட்ட வேண்டியவை என்றால், வாதாம், மா, பலா மாதிரித் தடித்த இலைகள் உண்டு. சிமெண்ட் தரையிலும் மொட்டை மாடியிலும் விழுபவை, வெட்டிய வேலிச் செடி, பிடுங்கிய களை ஆகியவையும் சேரும். களையில் இரண்டை மட்டும் தனியாக எடுத்து வையுங்கள். ஒன்று கோரை. அதன் கிழங்கு உரக்குழியில் சாகாது, உரத்தோடு தோட்டம் முழுக்கப் பரவும். இன்னொன்று பார்த்தீனியம். பூக்கும் முன்பே கையுறை போட்டுப் பிடுங்க வேண்டிய செடி அது. தோலில் அரிப்பு வரும், சிலருக்கு மூச்சும் இரைக்கும். பூத்துவிட்டால் உரத்தில் சேர்க்கவே கூடாது.

ஆடு மாடு வைத்திருக்கிற பக்கத்து வீட்டுக்காரர் தழை கேட்டால் மகிழ்ச்சியாகக் கொடுக்கலாம். அரளி மட்டும் ஒரு கொத்துகூட அதில் கலந்துவிடக் கூடாது. அரளியின் இலை, தண்டு, பூ எல்லாமே விஷம். காய்ந்த பின்னும் விஷம் போகாது. வேலியில் அரளி இருந்தால் அதை வெட்டும் நாளில் வேறு எதையும் வெட்டாதீர்கள். கலப்பதைத் தவிர்க்க எனக்குத் தெரிந்த ஒரே நம்பகமான வழி அது.

கூட்டுவதற்கு

ஒரு பக்கம் சீமாறு, ஒரு பக்கம் விளக்குமாறு, திருநெல்வேலி நாகர்கோவில் பக்கம் வாரியல். பெயர் எதுவானாலும் தென்னை ஈர்க்கில் கட்டியதற்கு மண் வாசலில் ஈடு கிடையாது. கடைகளில் தொங்குகிற விசிறி மாதிரியான ரேக் புல்தரைக்காகச் செய்தது. புல்லுக்கு நடுவே சிக்கிய இலையை அதன் வளையும் பற்கள் நன்றாகவே இழுக்கும். நம் மண் வாசலில் அதே பற்கள் மண்ணைக் கீறிச் சரளையையும் சேர்த்து இழுத்துவரும். வீட்டில் புல்தரை இருந்தால் வாங்குங்கள். வாதாம் இலைக்கும் அது நன்றாக ஒத்துவருகிறது. மற்றவர்களுக்கு ஈர்க்குமாறே போதும்.

மாற்ற வேண்டியது அதன் நீளத்தை. தூய்மைப் பணியாளர்கள் தெருவில் வைத்திருப்பதைப் பாருங்கள்: மூங்கில் கம்பின் நுனியில் ஈர்க்குக் கற்றையை இறுக்கிக் கட்டியிருப்பார்கள். குனியவே தேவையில்லை. கம்பு உங்கள் தோள் உயரம் இருக்கட்டும். கட்டும்போது நைலான் கயிறு வழுக்கும். பழைய சைக்கிள் டியூபை நாடாவாக அறுத்து இழுத்துச் சுற்றினால் ஈர்க்கு உதிராது. இந்த டியூப் நாடா இன்னும் மூன்று இடத்தில் வேண்டியிருக்கும். பஞ்சர் கடையில் கேட்டால் ஒரு டியூபைச் சும்மாவே கொடுப்பார்கள்.

அள்ளுவதற்கு: இரண்டு முறம்

வெளிநாட்டுத் தோட்டக்காரர்கள் இரண்டு கையிலும் மாட்டிக்கொள்கிற பெரிய பிளாஸ்டிக் நகங்கள் இணையக் கடைகளில் கிடைக்கின்றன. நானும் ஒரு ஜோடி வாங்கினேன். இரண்டாம் வாரமே மணிக்கட்டுப் பட்டை அறுந்துவிட்டது. அதைவிட, பற்களுக்கு நடுவே உள்ள இடைவெளியில் வேப்பிலை முழுக்க ஒழுகிப்போனதுதான் பெரிய குறை.

அம்மா சொன்ன மாற்று, பழைய முறம். கைக்கு ஒன்றாக இரண்டு பிளாஸ்டிக் முறங்களை எடுத்துக் குவியலின் இரு பக்கமும் செருகி, உள்ளங்கைகளைச் சேர்ப்பதுபோல் நெருக்கித் தூக்கினால் ஒரு தடவைக்கு அரைக் கூடை வரும். வேப்பிலைகூடச் சிந்தாது. மூங்கில் முறம் வேண்டாம். ஈரம் பட்டால் வளைந்துவிடும், நல்ல முறத்தைக் குப்பைக்கு எடுக்க மனமும் வராது. பிளாஸ்டிக் முறத்தின் பின்பக்கம் இரண்டு ஓட்டை போட்டு, டியூப் நாடாவைக் கைப்பிடியாகக் கோத்துக்கொண்டால் விரலால் விளிம்பை இறுக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. மூட்டுவலி உள்ளவர்களுக்கு இது பெரிய உதவி.

கட்டட வேலைக்காரர்கள் சிமெண்ட் கலவை தூக்குகிற இரும்புச் சட்டி சருகுக்கு ஒத்துவராது. சருகுக்கு எடை கிடையாது, இடம்தான் அடைக்கும். சட்டியைத் தூக்குகிற எடைதான் மிச்சம். பிடுங்கிய களை, ஈரமான மண்ணோடு வரும் வேர், கூடவே கல் என்றால் சட்டியை எடுங்கள்.

தூரமாக இழுத்துப் போக வேண்டியிருந்தால் பழைய ஃபிளெக்ஸ் பேனரைப்போல் இன்னொன்று இல்லை. அதைத் தரையில் விரித்து, குவியலை அதன்மேல் தள்ளி, இரண்டு மூலையைப் பிடித்து இழுத்தால் வழுக்கிக்கொண்டு வரும். பழைய சேலையிலும் செய்யலாம், குச்சி குத்திக் கிழியும். தார்ப்பாய் நல்லதுதான், ஆனால் மழைக்கு வேண்டிய தார்ப்பாயை இதற்கு எடுத்து ஓட்டையாக்காதீர்கள்.

எந்தச் சாக்கு

யூரியா, மாட்டுத்தீவனம், அரிசி வருகிற வெள்ளைப் பின்னல் சாக்கு எல்லோர் வீட்டிலும் இருக்கும். யூரியா மூட்டை 2018 முதல் 50 கிலோவுக்குப் பதில் 45 கிலோவாகிவிட்டது. அதனால் பழைய சாக்கும் புதிய சாக்கும் ஒரே அளவாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். பின்னால் வளையம் செய்யும்போது இது முக்கியம். உரச் சாக்கை நன்றாக அலசி, காயவைத்துப் பயன்படுத்துங்கள். பூச்சிமருந்து வந்த சாக்கு எதற்குமே வேண்டாம்.

இந்த வெள்ளைச் சாக்குக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. வெயிலில் சில மாதம் கிடந்தால் நொறுங்கி, இழை இழையாக உதிர்ந்து மண்ணில் கலந்துவிடும். பொறுக்கவே முடியாது. எங்கள் வாழைக்கொல்லையில் ஒரு மூலையில் இன்றும் வெள்ளை இழை கிளம்பிக்கொண்டிருக்கிறது, நான் ஒரு கோடையில் மறந்துவிட்ட நான்கு சாக்குகளால். சருகை நிரப்பினால் நிழலில் வையுங்கள். சாக்கைப் பிடித்து இழுத்ததும் தூள் கொட்டினால் அன்றே அதைப் பிளாஸ்டிக் குப்பையில் சேர்த்துவிடுங்கள்.

கோணிச் சாக்கு சணலில் நெய்தது. காற்றோட்டம் உண்டு. கிழிந்த பின் சருகோடு சேர்த்து உரக்குழியிலேயே போடலாம். விலை அதிகம், ஈரமானால் கனக்கும். வெங்காயம் வருகிற வலைச்சாக்கு ஈரச் சருகுக்கு என்றே பிறந்தது. தண்ணீர் தானாக வடிந்துவிடும். கட்டடச் சாமான் வருகிற ஜம்போ சாக்கு யாராவது கொடுத்தால் வாங்கி ஒரு மூலையில் நிறுத்தி வையுங்கள், மாதக் கணக்கில் சருகு பிடிக்கும். நிரப்பிய பின் நகர்த்த முடியாது என்பதால் எங்கே நிரந்தரமாக இருக்குமோ அங்கேயே வைக்க வேண்டும்.

கருப்புக் குப்பைப் பையை மட்டும் விட்டுவிடுங்கள். குச்சி பட்டதும் கிழிகிறது. உள்ளே காற்றுப் போகாமல் பச்சைத் தழை இரண்டே நாளில் அழுகி நாறும். தமிழ்நாட்டில் ஒருமுறை மட்டுமே பயன்படும் பிளாஸ்டிக்குகளுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை வந்த பிறகும், மண்ணுக்குப் போக வேண்டிய இலையைப் பிளாஸ்டிக்கில் அடைத்து அனுப்புவது எனக்குப் பெரிய வருத்தம்.

சாக்கின் வாய்: வேலையின் உயிர் இங்கேதான்

மூன்று வழி சொல்கிறேன். முதலாவதற்குச் செலவே இல்லை. மூன்றாவதற்கு வெல்டிங் பட்டறைக்குப் போக வேண்டும்.

முதலாவது, எண்ணெய் டின். கடைகளில் 15 கிலோ சமையல் எண்ணெய் வருகிற சதுர டின்தான். ஏறத்தாழ 23 செ.மீ. சதுரம், 35 செ.மீ. உயரம். பலகாரக் கடையிலோ ஓட்டலிலோ கேளுங்கள். மேல், கீழ் இரண்டு தகட்டையும் வெட்டி எடுத்துவிட்டால் சதுரக் குழாய் கிடைக்கும். வெட்டிய விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். அதைக் குறட்டால் உள்பக்கமாக மடக்கிச் சுத்தியால் தட்டிச் சமமாக்குங்கள். இதை அவசரப்பட்டுச் செய்யாதீர்கள். தகர வேலை செய்கிறவர் அருகில் இருந்தால் அவரிடம் கொடுத்துவிடுவது நல்லது. அவருக்கு ஐந்து நிமிட வேலை, விளிம்பும் உருண்டையாக வரும். பிறகு சோப்புத்தூள் போட்டு எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவுங்கள், இல்லையென்றால் எறும்பு வரும்.

இனி சாக்கைத் தரையில் படுக்க வையுங்கள். டின்னின் ஒரு முனையைச் சாக்கின் வாய்க்குள் பத்து செ.மீ. நுழைத்து, மிச்சமான துணியைக் கீழ்ப்பக்கம் மடித்து, சுற்றிலும் டியூப் நாடாவால் இறுக்குங்கள். டின்னின் தட்டையான பக்கம் தரையில் ஒட்டி உட்காரும். இப்போது நேராகச் சாக்குக்குள்ளேயே பெருக்கலாம். குனிய வேண்டாம், அள்ள வேண்டாம். நீளமான ஈர்க்குமாறால் நான்கு தடவை தள்ளினால் ஒரு சிறு குவியல் உள்ளே போய்விடும். ஒரு கல்லை முட்டுக் கொடுத்து டின் பின்வாங்காமல் பார்த்துக்கொண்டால் போதும். பாதி நிறைந்ததும் சாக்கை நிமிர்த்தி ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு, மறுபடி படுக்க வைத்துத் தொடரலாம்.

வாளியில் செய்யக் கூடாதா என்று கேட்பார்கள். செய்யலாம், அது இரண்டாவது வழி. ஆனால் வாளியின் விளிம்பு வட்டம். தரையில் ஒரு புள்ளியில் மட்டும்தான் ஒட்டும், இலை பக்கவாட்டில் ஒதுங்கிவிடும். அதனால் வாளியைப் படுக்க வைக்காமல் நிறுத்தித்தான் பயன்படுத்த வேண்டும். 20 லிட்டர் பெயிண்ட் வாளியின் அடியை ரம்பத்தால் அறுத்து எடுத்துவிட்டுச் சாக்குக்குள் நிற்க வையுங்கள். வாய் விரிந்தே நிற்கும், முறத்தால் அள்ளி மேலிருந்து போடலாம். சருகு ஏற ஏற வாளியைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே இழுத்துக்கொண்டே வரவேண்டும். குச்சி கலந்தால் வாளிக்குள் சிக்கி அடைத்துக்கொள்ளும், வெறும் இலைக்குத்தான் இது.

மூன்றாவதுதான் என் விருப்பம்: வளையத் தாங்கி. 8 மி.மீ. கம்பியில் ஒரு வளையம், அதற்கு மூன்று கால். கடையில் ஆயத்தமாக விற்கிற தாங்கிகள் பெரும்பாலும் அவர்களுடைய பைக்குத்தான் பொருந்தும், நம் சாக்குக்குப் பொருந்தாது. அளவெடுத்துச் செய்வதுதான் சரி.

அளவெடுப்பது இப்படி. சாக்கைத் தரையில் தட்டையாக விரித்து அகலத்தை அளங்கள். அதை 2ஆல் பெருக்கினால் வாயின் சுற்றளவு. அந்தச் சுற்றளவை 3.14ஆல் வகுத்தால் விட்டம். அதில் 2 செ.மீ. குறையுங்கள். என் சாக்கின் அகலம் 56 செ.மீ. சுற்றளவு 112, விட்டம் 35.7, அதனால் ஏறத்தாழ 33.5 செ.மீ. வளையம் செய்யச் சொன்னேன். சாக்கின் வாயை வளையத்துக்கு மேலாக வெளிப்பக்கம் ஒரு சாண் மடித்துவிட்டு டியூப் நாடாவைப் போட்டால் நழுவாது. 2 செ.மீ. குறைக்காமல் செய்தால் மடிப்புப் போட இடமில்லாமல் சாக்கு கிழியும். வீட்டில் பல அளவுச் சாக்கு இருந்தால் சிறிய சாக்குக்கு வளையம் செய்யுங்கள். பெரிய சாக்கில் மிஞ்சுகிற துணியைச் சுருக்கி ஒரு கிளிப் போட்டுக்கொள்ளலாம்.

உயரத்தில்தான் பலரும் தவறு செய்கிறார்கள். சாக்கு அந்தரத்தில் தொங்கக் கூடாது. அதன் அடி தரையில் நன்றாக உட்கார வேண்டும். சாக்கின் நீளத்தில் மேலே மடிக்கும் ஒரு சாணைக் கழித்து, இன்னும் ஐந்து செ.மீ. குறைத்தால் கால் உயரம். எடை முழுவதும் தரைக்குப் போகும், தாங்கி வாயை மட்டும் பிடித்துக்கொள்ளும். தொங்கவிட்டால் பாதி நிறைந்ததுமே தாங்கி சாயும்.

கால்களின் அடியில் குறுக்குக் கம்பி எதுவும் சாக்குக்குக் கீழே போகக் கூடாது என்று பட்டறையில் தெளிவாகச் சொல்லுங்கள். நிறைந்த சாக்கைத் தூக்கி வெளியே எடுப்பது இடுப்புக்கு ஆகாது. நாடாவை அவிழ்த்துவிட்டுத் தாங்கியை மேலே உருவி எடுக்க வேண்டும். சாக்கு நின்ற இடத்திலேயே நிற்கும். மூன்று கிலோகூட இல்லாத தாங்கியைத்தான் நீங்கள் தூக்குகிறீர்கள். நாலு காலைவிட மூன்று கால் நல்லது, மேடு பள்ளமான மண்ணில் ஆடாது.

துருப்பிடிக்காமல் இருக்க ரெட் ஆக்சைடு அடித்து, மேலே ஒரு கை பெயிண்ட். பளிச்சென்று மஞ்சளோ ஆரஞ்சோ அடியுங்கள். இருட்டில் யாரும் தடுக்கி விழ வேண்டாம்.

அமுக்கிக் கட்டுவது

காய்ந்த சருகைச் சும்மா நிரப்பினால் ஒரு பெரிய சாக்கில் மூன்று கிலோ தேறுவதே கஷ்டம். நன்றாக அமுக்கினால் இரண்டு மடங்குக்கு மேல் போகும். பத்துச் சாக்கு வேலை நான்கு சாக்கில் முடியும்.

கால்வாசி நிறைந்ததும் ஒரு சொம்புத் தண்ணீரைத் தெளித்து, இரண்டு நிமிடம் விடுங்கள். இலை துவளும், தூசியும் அடங்கும். அப்புறம் அமுக்குங்கள். தரையை இடிக்கிற திமிசுக்கட்டை மாதிரிச் சின்னதாக ஒன்று செய்துகொண்டால் வசதி: ஒரு சாண் நீளப் பலகைத் துண்டைக் கம்பின் நுனியில் ஆணியடித்தாலே போதும். காலால் மிதிக்க ஆசை வரும். செருப்பு இல்லாமல் மிதிக்கவே வேண்டாம், குச்சியோ முள்ளோ உள்ளே இருக்கும். எலுமிச்சை, காகிதப்பூ, கருவேலம் கலந்திருந்தால் செருப்பையும் நம்பாதீர்கள். தண்ணீரை நிறைய ஊற்றிவிட்டால் மூட்டை கனத்துவிடும். ஒரு சொம்பு என்றால் ஒரு சொம்புதான்.

மேலே ஒரு சாண் காலியாக விட்டுக் கட்டுங்கள். முட்ட முட்டத் திணித்துவிட்டு, கட்ட வாய் இல்லாமல் பாதியைத் திரும்பக் கொட்டுவது எல்லா வீட்டிலும் நடக்கிறது. சணலால் உருவு முடிச்சுப் போட்டால் அவிழ்ப்பது எளிது. தூரமாக லாரியில் போகிற மூட்டை என்றால் கோணி ஊசியால் நான்கு தையல் போடுங்கள். கோணி ஊசியைத் தோட்டச் சாமானோடு ஒரு தக்கையில் குத்தி வையுங்கள், தரையில் விழுந்தால் கண்ணுக்குத் தெரியாது.

கிளையும் மட்டையும் சாக்குக்கு உரியவை இல்லை

குச்சிகளைச் சாக்கில் திணிப்பதால்தான் பாதிச் சாக்குகள் கிழிகின்றன. விரல் கனம் வரையுள்ள கிளைகளுக்குத் தோட்டக் கத்தரி, அதற்கு மேல் அரிவாள் அல்லது சின்ன ரம்பம். கத்தரி வாங்கும்போது இரண்டு அலகும் ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு கடக்கிற வகையைக் கேளுங்கள். ஓர் அலகு மற்றதன்மேல் போய் முட்டுகிற வகை பச்சைக் கிளையை நசுக்கிவிடும்.

எல்லாவற்றையும் கை நீளத்துக்கு வெட்டிக் கட்டாகக் கட்டுங்கள். கட்டும்போதும் பிடிக்க ஆள் தேடுவோம். பிளாஸ்டிக் ஸ்டூலைக் கவிழ்த்து வையுங்கள். கயிறு இரண்டை முதலில் நான்கு கால்களுக்கு நடுவே விரித்து, குச்சிகளை அதன்மேல் அடுக்கிக்கொண்டே போங்கள். கால்கள் சரியாமல் பிடித்துக்கொள்ளும். நிறைந்ததும் கயிற்றை இழுத்து முடிந்தால் கட்டு தயார்.

தென்னை ஓலையை மூன்று துண்டாக வெட்டுங்கள். அடிமட்டை விறகுக்கு, இல்லையென்றால் பாத்தி ஓரத்துக்கு. கீற்றைக் கிழித்து ஈர்க்கை உருவி வைத்தால் அடுத்த விளக்குமாறு அதிலேயே இருக்கிறது. பன்னாடையும் பாளையும் மழைக்கு முன் அப்புறப்படுத்த வேண்டியவை. படகு மாதிரிக் கிடக்கும் பாளையில் தண்ணீர் தேங்கினால் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு அங்கேதான் முட்டையிடும். சிரட்டைக்கும் இதேதான். சாக்குக்குமேல் மூடுகிற பிளாஸ்டிக் தாளின் மடிப்புகளையும் பாருங்கள்.

கை வைக்கும் முன்

இதைப் படிக்காமல் தாண்டிவிடாதீர்கள். கண்ணாடி விரியனின் உடலில் உள்ள வட்டங்கள் காய்ந்த சருகோடு அப்படியே கலந்துவிடும். பக்கத்தில் நின்று பார்த்தாலும் தெரியாது. சுருட்டை விரியன் அதைவிடச் சின்னது. ஓர் இரவு கிடந்த குவியலில் நேராகக் கையை விடவே கூடாது. முதலில் நீளக் கம்பால் தட்டிக் கலையுங்கள், கொஞ்சம் பொறுங்கள், அப்புறம் முறம். காலில் மூடிய செருப்பு அல்லது பூட்ஸ். கையுறை தடித்த துணியில் இருக்கட்டும். மெல்லிய ரப்பர் கையுறை முள்ளையும் தடுக்காது, கொடுக்கையும் தடுக்காது.

மடித்து வைத்த காலிச் சாக்கை எடுத்ததும் உதறாமல் கையை உள்ளே விட்டு விரித்தேன் ஒரு நாள். தேள் கொட்டிவிட்டது. மாலை வரை தோள்வரைக்கும் வலித்தது. அன்று முதல் காலிச் சாக்குகளைத் தரையில் அடுக்குவதில்லை, கொடியில் தொங்கவிடுகிறோம். எடுக்கும்போது தலைகீழாகப் பிடித்து மூன்று உதறல். பாம்பு கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் செய்யாமல், கடிபட்டவரை நடக்கவிடாமல் உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். விஷமுறி மருந்து அங்கே கிடைக்கும். 108ஐக் கூப்பிடலாம்.

முருங்கை உள்ள வீடுகளில் கம்பளிப்பூச்சிக் காலத்தில் சருகில் அதன் முடி கலந்திருக்கும். நன்றாகத் தண்ணீர் தெளித்த பிறகே பெருக்குங்கள், முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

இயந்திரம் வாங்கலாமா

கையில் பிடிக்கிற சின்ன மின் ஊதி, கணினியின் தூசி தட்டவும் கடை பெருக்கவும் பயன்படுகிற வகை, குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. மொட்டை மாடி, கார் நிறுத்தும் சிமெண்ட் தளம், படிக்கட்டு மூலை, ஜல்லிக்கல் பரப்பிய பாதை: இந்த நான்கு இடத்துக்கு நல்லது. மண் வாசலில் வேண்டாம், இலையைவிடப் புழுதிதான் கிளம்பும். அதோடு வருகிற சின்னத் துணிப்பை தூசிக்கு மட்டும்தான், அதில் சருகை உறிஞ்ச முயன்றால் இரண்டே நிமிடத்தில் அடைக்கும். உறிஞ்சி அரைத்துப் பையில் தள்ளுகிற பெரிய வகை தனியாக இருக்கிறது. நிறைய மரம் உள்ள பள்ளி, குடியிருப்பு என்றால் யோசிக்கலாம். எட்டு சென்ட் வீட்டுக்கு அந்தப் பணம் வீண் என்பது என் முடிவு.

மூட்டை எங்கே போக வேண்டும்

கொளுத்தாதீர்கள். சருகுப் புகை பக்கத்து வீட்டுக் குழந்தையின் நுரையீரலுக்குத்தான் போகிறது. திறந்தவெளியில் குப்பை எரிப்பதற்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரிலேயே தடை போட்டது. சாதாரணமாக எரித்தால் 5,000 ரூபாய், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாய் என்று இழப்பீட்டுத் தொகையையும் சொல்லியது. அதே ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், தோட்டக் கழிவை வீட்டிலேயே தனியாகச் சேர்த்து வைத்து, உள்ளாட்சி சொல்கிறபடி ஒப்படைக்க வேண்டும் என்றன. உங்கள் வார்டில் எந்த நாளில் எடுக்கிறார்கள் என்பதைத் தூய்மைப் பணியாளரிடமே கேட்பது நல்லது. சமையல் குப்பையோடு கலக்காத மூட்டை அவர்களுக்கும் எளிது. நுண் உரமாக்கும் மையம் உள்ள ஊர்களில் அது நேராக உரத்துக்குப் போகும்.

அவர்களிடம் கொடுக்கிற மூட்டை ஒரு குழந்தையைத் தூக்குகிற எடைக்கு மேல் இருக்கக் கூடாது. கண்ணாடி, பிளேடு, முள் எதுவும் இருக்கக் கூடாது. அதை அள்ளுகிற கைகளுக்கு நாம் பொறுப்பு. முள்ளை அனுப்பியே ஆக வேண்டும் என்றால் தனிக் கட்டாகக் கட்டி, மேலே சிவப்புத் துணி கட்டி, வாயாலும் சொல்லிவிடுங்கள்.

இடம் இருந்தால் வெளியே அனுப்பவே வேண்டாம். வெங்காய வலைச்சாக்கில் சருகை நிரப்பி, சாணிக்கரைசலோ புளித்த மோர் கலந்த தண்ணீரோ தெளித்து, வாயைக் கட்டி மரநிழலில் படுக்க வையுங்கள். பதினைந்து நாளுக்கு ஒரு தடவை புரட்டி, காய்ந்திருந்தால் நனையுங்கள். கையில் பிழிந்தால் ஈரம் தெரிய வேண்டும், சொட்டக் கூடாது. பச்சைத் தழை கலந்தால் வேகம் கூடும். சருகு மட்டும் என்றால் பொறுமை வேண்டும். வேப்பிலை முதலில் மக்கும். வாதாம் இலை தடிப்பு, துவர்ப்புச் சத்தும் அதிகம், அது கடைசியில்தான். அதனால் வாதாமைத் தனிச் சாக்கில் போட்டு, முடிந்தால் அரிவாளால் கொத்திப் போடுங்கள். கறுத்து, தொட்டால் நொறுங்கி, மழை பெய்த காட்டின் மணம் வந்தால் தயார். சலித்துத் தொட்டிக்குப் போடலாம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலைக்கு ஒரே ஒரு மாற்றம்: மாடியின் வடிகுழாய் வாயை வாரம் ஒரு தடவை பாருங்கள். அங்கே அடைக்கிற ஒரு முறம் சருகு மாடி முழுக்கத் தண்ணீர் கட்டும். ஈரச் சருகை வெள்ளைச் சாக்கில் கட்டி வைக்காதீர்கள். வலைச்சாக்கில் ஒரு நாள் வடியவிட்ட பிறகு எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகலாம்.

கருவிகளை ஒரே இடத்தில் மாட்டி வையுங்கள்: கம்புபோட்ட ஈர்க்குமாறு, இரண்டு முறம், டின், தாங்கி, டியூப் நாடா. நான் தாங்கிதான் சிறந்தது என்று இன்றும் சொல்கிறேன். அம்மாவுக்கு டின்தான் பிடித்திருக்கிறது. போன பங்குனியில் ஊருக்குப் போனபோது டின்னின் மேல்பக்கம் இரண்டு ஓட்டை போட்டுப் பழைய சேலைக் கரையில் ஒரு கைப்பிடி கோத்திருந்தார், நகர்த்த வசதியாக. சுவரோரம் ஆறு மூட்டை கட்டி அடுக்கியிருந்தது. நான் எழுந்திருக்கும் முன்பே அன்றைய ஏழாவதைக் கட்டிக்கொண்டிருந்தார்.